இடது கையில் வந்த சாமி

என் வீட்டுக்காரருக்கு முதலில் போனது வாசனை. அதை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு பலாப்பழம் காட்டிக்கொடுத்தது. ஏற்காட்டு மலையில் எங்கள் மாரமங்கலத்தில் ஒரு வீட்டில் பழம் பழுத்தால் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். உள்ளறையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த பழம் நன்றாகக் கனிந்து ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. இவர் அதன் பக்கத்திலேயே கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "இது பழுக்க இன்னும் நாளாகுமா புள்ள?" என்று கேட்டார்.

"ஏனுங்க, மூக்கக் கழட்டி எங்கயாச்சும் சொருகி வெச்சிருக்கீங்களா?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பக்கத்து ஊர் வெள்ளக்கடையிலிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே ஊரில் எனக்கு அந்தப் பெயர் உண்டு. சளி பிடித்திருக்கும் என்றார் அவர். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். அதோடு மறந்துவிட்டோம்.

அது எண்பதுகளின் கடைசி. எங்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் காபி, மரத்துக்கு மரம் ஏற்றிவிட்ட மிளகு, சாப்பாட்டுக்கு ராகியும் சாமையும். அவருக்கு ஐம்பது நடந்துகொண்டிருந்தது. எஸ்டேட்டில் பூச்சிமருந்தடிக்க ஆள் கூப்பிட்டால் அதற்கும் போவார். நல்ல உழைப்பாளி. நல்ல சிரிப்பும் கூட. ஊரில் யார் வீட்டில் எதற்குச் சண்டை நடந்தாலும் அதை நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பார்.

அந்தச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. நான் என்ன சொன்னாலும் முகம் கல்லு மாதிரி இருந்தது. பேச்சும் உள்ளே போய்விட்டது. "என்னுங்க? வாயில கொழுக்கட்டையா? சத்தமாச் சொல்லுங்க" என்று ஒரு நாளைக்குப் பல தடவை கத்துவேன். என் மேல் ஏதோ கோபம், அதனால்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். கோபமென்றால் எனக்கு மட்டும் வராதா? நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் ரெண்டு கல்லுகள் எதிரெதிரே உட்கார்ந்து களி சாப்பிட்டன.

அவர் பஸ்ஸுக்குப் போகும்போது பின்னாலிருந்து பார்ப்பேன். வலது கை வீசி வீசிப் போகும், இடது கை உடம்போடு ஒட்டிக்கொண்டே வரும். இடது செருப்பு மட்டும் சரட் சரட்டென்று தரையை இழுக்கும். அப்புறம் அந்த இடது கை நடுங்க ஆரம்பித்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். காய்ந்த மிளகை விரலில் உருட்டிப் பதம் பார்ப்போமே, அப்படி. விரலுக்கு நடுவில் மிளகு மட்டும் இருக்காது.

ஊர் வாயை மூட முடியுமா? ஏற்காட்டு டீக்கடையில் ஒருத்தன், "அண்ணன் காலைலயே போட்டுட்டு வந்துட்டாருங்களா?" என்று கேட்டிருக்கிறான். திருவிழா, கல்யாணம் என்றால் ஒரு வாய் குடிப்பாரே தவிர, குடிகாரர் இல்லை. அன்றிலிருந்து டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். இடது கையை எப்போதும் துண்டுக்குள் ஒளித்து வைத்துக்கொள்வார்.

இந்த நிலைமையில்தான் சாமி வந்தது.

எங்கள் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது சாமியாடி முன்னால் போவார், மற்றவர்கள் அவர் பின்னால் போவோம். சாமி வந்து ஆடி, கேட்டவர்களுக்கு வாக்குச் சொல்கிறவர்தான் சாமியாடி. என் மாமனார் பல வருஷம் அப்படி இருந்தவர். அவர் இறந்த பிறகு அந்த இடம் காலியாகவே கிடந்தது. நாமாக ஒருவரை உட்கார வைக்க முடியாது, சாமியாக வந்து பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்துவிட்டால் அந்த ஆள் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது, இங்கிலீஷ் மருந்து தொடக் கூடாது.

ஊர்க் கோயிலில் பொங்கல் வைத்த அன்று பம்பை அடித்தார்கள். கூட்டத்தில் இவர் நின்றுகொண்டிருந்தார். பம்பைச் சத்தம் ஏற ஏற இவர் இடது கையும் படபடவென்று உதற ஆரம்பித்தது. துண்டு நழுவிக் கீழே விழுந்தது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள். என் நாத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். இவருக்கு மூத்தவர், புருஷனை இழந்தவர், எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். நங்கையா என்றுதான் நான் கூப்பிடுவேன். நங்கையா அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வந்துட்டாரு! எங்கப்பா மேல வந்த சாமி எந்தம்பி மேல வந்துட்டாரு!" என்று அழுதார்.

சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் புல்லரித்தது. இவர் திருதிருவென்று விழித்தார். யாரோ மாலை போட்டார்கள். அதுவரை குடிகாரன் என்று பார்த்தவர்களெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வீட்டுக்கு வரும்போது துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நடுங்கும் கையை எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். அவ்வளவு நாள் கழித்து அவர் தலை நிமிர்ந்து நடந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எலுமிச்சங்காய், வெற்றிலை பாக்கோடு வந்து உட்காருவார்கள். மாடு காணோம், பெண்ணுக்கு வரன் அமையவில்லை, மிளகுக் கொடி காய்கிறது. நங்கையாதான் அவர்களை உட்கார வைத்து, கற்பூரம் ஏற்றி, எல்லாம் செய்வார். இவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். எனக்கே கேட்காத அந்தப் பேச்சு அவர்களுக்கு எப்படிக் கேட்டதோ, திருப்தியாகப் போவார்கள். வருகிற மே மாதத் திருவிழாவுக்கு இவர்தான் முன்னால் போக வேண்டும் என்று பங்காளிகள் பேசி முடித்தார்கள்.

எனக்குச் சந்தேகம் வந்தது காபித் தம்ளரால். கை மடியில் சும்மா கிடக்கும்போது உதறுகிறது. காபியை நீட்டினால், இரண்டு கையாலும் வாங்க நீளும்போது நின்றுவிடுகிறது. குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்துக் கையை மடியில் போட்டதும் மறுபடியும் ஆரம்பிக்கிறது. தூங்கும்போது சுத்தமாக இல்லை. உடம்பு தெம்பாக இருந்த காலத்தில் என் மாமனார் சாமியாடியதை நான் பார்த்திருக்கிறேன். வந்தால் ஆளே மாறிவிடுவார், கண் வேறு மாதிரி ஆகிவிடும், மஞ்சத் தண்ணி ஊற்றினால் இறங்கிவிடும். இதென்னடா சாமி, காபி குடிக்க மட்டும் வழி விட்டு ஒதுங்கி நிற்கிறது என்று தோன்றியது. தோன்றியதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. நங்கையாவிடமே சொன்னேன்.

"வாய அலம்பு புள்ள. சாமி காரியத்துல நொட்டச் சொல்லு சொல்லாத" என்றார்.

என் கண் மங்கலாக இருக்கிறது, சேலத்தில் காட்ட வேண்டும், துணைக்கு வாங்க என்று பொய் சொல்லி இவரைப் பஸ் ஏற்றினேன். நான் விசாரித்தபோது ஏற்காட்டு டாக்டர் ஒருவர் சொல்லியிருந்த நரம்பு டாக்டரிடம் போனோம். பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் இவருக்கு விஷயம் புரிந்தது. எழுந்து போகப் பார்த்தார். "போங்க. வழி தெரியாத ஊர்ல என்னயத் தனியா உட்டுட்டுப் போங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். இவரை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், விரலை வேகவேகமாகத் தட்டச் சொன்னார். கையைப் பிடித்து மடக்கி மடக்கி நீட்டினார். பின்னால் நின்று தோளைப் பிடித்து லேசாக இழுத்தார், இவர் அப்படியே பின்னால் சாய்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "வாசனை தெரியுதாம்மா இவருக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பலாப்பழத்தைப் பற்றிச் சொன்னேன். மலச்சிக்கல் இருக்கிறதா, தூக்கத்தில் கை காலை உதைத்துக் கத்துகிறாரா, பேச்சு மெலிந்துவிட்டதா, சிரிப்பு குறைந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கள் வீட்டுக்குள் வந்து இருந்து பார்த்தவர் மாதிரி கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றேன். சிரிப்பு போனது என் மேல் கோபத்தால் என்று நினைத்ததையும் சொன்னேன்.

"கோபமில்லம்மா அவருக்கு. முகத்துல இருக்கற சதையும் இறுகிப் போகுது. சிரிக்கணும்னு நினைச்சாலும் முகத்துல வராது" என்றார்.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். முகம் அதே மாதிரிதான் இருந்தது. கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது.

இதற்குப் பார்க்கின்சன் வியாதி என்று பெயராம். மூளைக்கு அடியில் ஒரு சின்ன இடம், அங்கே ஊறுகிற ஒரு சாறு இருந்தால்தான் கை கால் நினைத்தபடி அசையும். அந்த இடத்து அணுக்கள் மெதுவாகச் செத்துக்கொண்டே வரும். பாதிக்கு மேல் போன பிறகுதான் கை நடுங்கி வெளியே காட்டும். எனக்குப் புரிகிற மாதிரி டாக்டர் இப்படிச் சொன்னார்.

"அது எதுக்குங்க சாவுது? குடிச்சதாலயா?"

"இல்லம்மா."

"ஆராச்சும் செய்வினை வெச்சதா?"

"இல்லம்மா."

"எஸ்டேட்டுல மருந்தடிச்சாருங்களே?"

"பூச்சிமருந்தால இருக்குமோன்னு ஒரு சந்தேகம் இருக்குதுதான். அதனாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாது. இனிமே அந்த வேலைக்குப் போக வேண்டாம். சில குடும்பங்கள்ல ஒருத்தருக்கு மேலயும் வரும். பெரும்பாலும் இன்ன காரணம்னு யாருக்கும் தெரியலம்மா. ஆனா இது ஒட்டுவாரொட்டி இல்ல, மத்தவங்களுக்குத் தொத்தாது."

"இத்தன படிச்சும் தெரியலீன்னா எப்படிங்க?" என்று கேட்டுவிட்டேன். டாக்டர் கோபப்படவில்லை, சிரித்தார். புத்தி கலங்குமா என்றும் கேட்டேன். எங்கள் ஊரில் ஒரு பாட்டையா பெற்ற மகனையே யாரென்று கேட்டவர், அந்தப் பயம் எனக்கு. மறதி வியாதி வேறு, அது மூளையில் வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது, இதில் முதலில் பிடிபடுவது உடம்பின் அசைவுதான், நெடுநாள் போனால் சிலருக்கு மறதியும் வரலாம் என்றார். குணமாக்கும் மருந்து கிடையாது, ஆனால் குறைந்துபோன சாற்றுக்குப் பதிலாக மாத்திரை இருக்கிறது, வேளை தவறாமல் போட்டால் பல வருஷம் நன்றாக நடமாடலாம் என்றார். கடைசியாக, "எப்பவாவது கால் தரையோட ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுட்டா பிடிச்சு இழுக்காதீங்க. முன்னால ஏதாவது வெச்சு, அதைத் தாண்டச் சொல்லுங்க" என்றார்.

எனக்குத் தலை மேலிருந்து மலை இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. வியாதிக்குப் பெயர் தெரிந்துவிட்டது, மாத்திரை கையில் இருக்கிறது. இனி என்ன? ஆனால் வீட்டுக்கு வந்ததும் இவர் அந்த மாத்திரையைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார். தொடவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் படுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் தோட்டத்தில் வைத்து மெதுவாகச் சொன்னார்.

"மாத்திரைல கை நின்னு போச்சுன்னா, அது சாமி இல்லீன்னு ஆயிருமே புள்ள. அப்பறம் நான் ஆரு? ஊரு எதுக்கு என்னயக் கும்புட்டுச்சு? அக்கா மூஞ்சில எப்படி முழிக்கறது?"

குடிகாரன் என்ற பெயரிலிருந்து அவரைக் காப்பாற்றியது அந்தச் சாமிதான். அதைப் பிடுங்கிக்கொண்டு கையில் ஒரு வியாதியைக் கொடுக்கிறேன் நான். எந்த மனுஷன் வாங்கிக்கொள்வான்? ஆனால் வாங்காவிட்டால் இந்த மனுஷன் கட்டிலோடு போய்விடுவாரே.

திருவிழா வந்தது. பங்காளிகள் எல்லோரும் மலை மேல் ஏறினோம். கழுத்து நிறைய மாலையோடு இவர் முன்னால். பின்னால் பம்பை. மலை உச்சியில் அந்தக் குகைக் கோயிலுக்குள் குனிந்துதான் போக வேண்டும். வாசல் அவ்வளவு குறுகல். நன்றாக ஏறி வந்தவர், குகை வாசலுக்கு வந்ததும் நின்றார். நின்றவர் நின்றவர்தான். உடம்பு முன்னால் சாய்கிறது, கால் எழவில்லை. கை பயங்கரமாக உதறியது.

"சாமி நிக்கறாரு! ஒத்தரவு கேக்கறாரு!" என்று கூட்டம் கத்தியது. நங்கையா கற்பூரத் தட்டோடு எதிரில் வந்து நின்று, "என்ன கொற சாமி, சொல்லு!" என்று அழுதார். பம்பையை இன்னும் வேகமாக அடித்தார்கள். நான் முண்டியடித்துக்கொண்டு அவர் காதருகில் போனேன். அவர் உதடு அசைந்தது.

"கால் வர மாட்டேங்குது புள்ள. பயமா இருக்குது."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. என் வலது காலை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தேன். "என் காலத் தாண்டுங்க" என்றேன். எங்கள் பக்கம் ஒருவர் காலை ஒருவர் தாண்டக் கூடாது. கோயில் வாசலில் பொம்பிளை கால் நீட்டுவதா என்று பின்னால் யாரோ சத்தம் போட்டார்கள். நங்கையா "ஐயோ" என்றார். இவர் குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு ஒரு காலைத் தூக்கித் தாண்டி வைத்தார். அடுத்த கால் தானாக வந்தது. உள்ளே போய்விட்டார்.

உள்ளே சாமியிடம் என்ன பேசினாரோ தெரியாது. வெளியே வந்து ஒரு பாறையில் உட்கார்ந்தார். "சாமின்னா பயம் இருக்காதில்ல புள்ள? எனக்கு அத்தன பயமாப் போச்சு" என்றார். கழுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அந்த மாத்திரையக் கொண்டாந்திருக்கியா?" என்று கேட்டார். கொண்டு வராமல் இருப்பேனா? முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். கோயில் தீர்த்தத்திலேயே போட்டு விழுங்கினார்.

மாத்திரை உடம்புக்குப் பிடிக்கக் கொஞ்ச காலம் ஆனது. முதலில் வாந்தி வந்தது, தலை சுற்றியது. ரெண்டு தடவை சேலம் போய் அளவை மாற்றிக்கொண்டு வந்தோம். அப்புறம் ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆடு என் சேலையை மென்றுவிட, நான் அதைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் இவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். முகம் முழுக்கச் சிரிப்பு. கையும் பெரும்பாலும் மடியில் சும்மா கிடந்தது. ஆட்டை விட்டுவிட்டு நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊர் சும்மா இருக்குமா? "பொண்டாட்டி காலத் தாண்ட வெச்சதுல சாமி கோவிச்சுட்டுப் போயிருச்சு" என்றார்கள். என்னைச் சொன்னால் நான் திருப்பிச் சொல்லிவிடுவேன், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அவரால் முடியவில்லை. "ஊர ஏமாத்தினவன்னு நெனைக்கறாங்க புள்ள" என்பார். கை நின்றும் தலை நிமிரவில்லை. நங்கையா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். அதுதான் அவரை அறுத்தது.

பல மாதம் கழித்து நங்கையா ஒரு நாள் வந்தார். தம்பி கை நின்றதையும் நடை தேறியதையும் அவர் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார் போல. இவர் தோட்டத்தில் இருந்தார். என்னிடம், "அந்த டாக்டரு என்னென்ன கேட்டாருன்னு சொல்லு புள்ள" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். முகம், பேச்சு, குட்டிக் குட்டி நடை, வாசல்படியில் ஒட்டிக்கொள்ளும் கால். கேட்கக் கேட்க நங்கையா முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"எங்கப்பாவுக்கு மொதல்ல வந்தது சாமிதான். அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா கடைசி ரெண்டு மூணு வருசம் எங்கூட்டுல வெச்சு நான் பாத்துக்கிட்டனே, அப்பக் கை ஓயவே இல்ல. மஞ்சத் தண்ணி ஊத்தினாலும் எறங்கல. கட்டில உட்டு எந்திரிக்க முடியாம கெடந்தாரு. சாமி நொம்பப் பிரியமா அவருகூடவே இருக்குதுன்னு நாங்க சொல்லிக்கிட்டிருந்தோம்." அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவருக்கும் மாத்திர இருந்திருக்குமா புள்ள?"

இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம்.

தை மாதம். களத்தில் காபி காய்ந்துகொண்டிருந்தது. இவரும் நங்கையாவும் ஆளுக்கொரு பக்கம் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் புருஷனோடு பைக்கில் வந்திறங்கினாள். கையில் எலுமிச்சங்காயும் வெற்றிலையும். விஷயம் தெரியாதவர்கள் போல.

"வாக்குக் கேக்கணுமுங்க. எங்க மாமனாருக்கு ஆரோ செய்வினை வெச்சுட்டாங்க. கை ஒதறுது, நடந்தா முன்னால சாயறாரு, பேசறது ஒண்ணும் வெளங்கறதில்லீங்க" என்றாள்.

இவர் முகம் செத்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சொல்லுவார் பாவம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் நங்கையா முன்னால் வந்துவிட்டார்.

"எலுமிச்சங்காயத் திரும்பப் பைக்குள்ள வெய்யி கண்ணு. இங்க வாக்குக் கெடையாது. எந்தம்பிக்கு வந்தது வியாதி. சாமின்னு சொன்னது நானு, அவன் ஆரையும் ஏமாத்தல. எங்கப்பாவுக்கும் இதே வியாதிதான் வந்திருக்கோணும். மருந்து இருக்குதுன்னு தெரியாம வேப்பல அடிச்சே அனுப்பி வெச்சுட்டேன். உங்க மாமனாருக்கு அப்படி ஆவ வேண்டாம். சேலத்துல டாக்டரு இருக்காரு."

அந்தப் பெண் பயந்துபோய் நங்கையாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "பொழைச்சுக்குவாருங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அதற்குப் பதில் சொன்னது இவர்தான். தலையை நிமிர்த்தி, களத்தின் அந்தக் கோடி வரை கேட்கிற மாதிரி சொன்னார்.

"எனக்கும் அந்த வியாதிதானுங்க. பாருங்க, நிக்கறேன், பேசறேன், காபி பெரட்டறேன். நாளைக்குக் கூட்டியாங்க. டாக்டருகிட்ட நானே கூட வர்றேன்."